வெறுங்கையோடு ஒரு நடை

பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கடனைக் கேட்க வேண்டியவர்கள் தவறாமல் வந்து கேட்டுவிடுகிறார்கள். பயிரைப் பார்க்க வேண்டியவர்கள்தான் வரவரக் குறைந்து வருகிறார்கள்.

விவசாயி வயலுக்குப் போகாமலா இருக்கிறார் என்று கேட்கலாம். போகிறார். மண்வெட்டியோடு போகிறார், உர மூட்டையோடு போகிறார், முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு போகிறார். மடையைத் திருப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிவிடுகிறார். அது வேலைக்குப் போவது. பார்க்கப் போவது வேறு. மண்வெட்டி கையில் இருக்கும்போது கண்ணுக்கு வரப்பு உடைப்பு தெரியும். தெளிப்பான் முதுகில் இருக்கும்போது பூச்சி மட்டுமே தெரியும். வெறுங்கையோடு நடக்கிறவருக்குத்தான் வயல் முழுவதும் தெரியும்.

பட்டணத்தில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் காசு செலவழித்து ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போய்ப் பறவைகளைப் பார்த்து வருகிறார்கள். அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். அதே கொக்கும் நாரையும் தன் நாற்றங்காலில் வந்து நிற்கும்போது விவசாயி நிமிர்ந்து பார்ப்பதில்லை. பொழுதே இல்லாதவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இது காசைத் தின்னும் பொழுதுபோக்கு அல்ல. காசை மிச்சப்படுத்தும் பொழுதுபோக்கு. காலையில் அரை மணி நேரம் போதும்.

நெல்லில் வரும் புகையானையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பூச்சி இலை நுனியில் வந்து உட்கார்ந்து யாருக்கும் முகம் காட்டாது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து புகைந்ததுபோல் ஆன பிறகுதான் மேலே தெரியும். அப்போது காலம் கடந்துவிட்டிருக்கும். வயலுக்குள் இறங்கி, நாலைந்து இடத்தில் பயிரை விலக்கி அடித்தூரைப் பார்க்கிறவர் இதை முன்கூட்டியே கண்டுகொள்வார்.

பார்ப்பதோடு எண்ணவும் வேண்டும். ஒரு குத்தில் எத்தனை சிம்புகளோ அத்தனை பூச்சிகள் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு வரை பொறுக்கலாம். சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்னும் காவல்காரன். எண்ணிப் பார்க்காமல், பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டார் என்பதற்காகவோ கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்பதற்காகவோ மருந்தை அடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரன்தான். புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. முட்டை பொரிக்கும்போது தடுக்க ஆள் இருக்காது. மருந்து அடித்த வயலில் பூச்சி முன்னைவிட அதிகமாகும் மர்மம் இதுதான்.

இந்தப் பாடத்தை இந்தோனேசியா நாடே படித்தது. அங்கே மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. கடைசியில் 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது. நெல் விளைச்சல் ஒன்றும் படுத்துவிடவில்லை. 1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் கிடையாது. விவசாயிகள் வாரம் ஒரு நாள் காலையில் வயலில் இறங்கி, பயிரையும் பூச்சியையும் சிலந்தியையும் பார்த்து, கண்டதைத் தாளில் படமாக வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவு செய்தார்கள். வேறு பல நாடுகளும் பின்பற்றிய இந்தப் பெரிய திட்டத்தின் அடிப்படை, பாராத பயிர் பாழ் என்ற பழமொழிதான். தமிழ்நாட்டிலும் வேளாண்மைத் துறை இத்தகைய பள்ளிகளை நடத்தி வந்திருக்கிறது. பள்ளி முடிந்த பிறகும் பார்க்கும் பழக்கம் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம்.

பறவைகளைப் பார்ப்பதிலும் ஆதாயம் உண்டு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பறக்கும் பூச்சி கண்ணில் பட்டதும் பாய்ந்து பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். கம்பி இல்லாத வயலில் ஆங்காங்கே குறுக்குக் குச்சி கட்டிய கம்பு நட்டுவைத்தால் அங்கேயும் வந்து உட்காரும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மட்டும் அந்தக் கம்புகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகளுக்கு அது திண்ணையாகிவிடும். இரவில் இதே கம்பில் கூகை வந்து உட்காரும். சாக்குருவி என்று சொல்லி அதை விரட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் வேலை எலி பிடிப்பது. அது சாவு சொல்வது எலிக்குத்தான்.

வேடந்தாங்கல் விவசாயிகள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். ஏரிக்கு வரும் பறவைகளை அவர்கள் காத்து வந்தது கருணையினால் மட்டும் அல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதாலும்தான்.

இனி மழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஒரே இரவில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் வானம் கொடுத்தது என்று பொருள். கைபேசியில் வரும் வானிலை அறிவிப்பு வட்டாரம் முழுவதற்கும் பொது. தன் வயலில் எவ்வளவு பெய்தது என்பதை, மரமும் கூரையும் இல்லாத திறந்த இடத்தில் வைத்த தகரக் குவளைதான் சொல்லும். அடி தட்டையாக, பக்கம் நேராக உள்ள குவளையாக இருந்தால் போதும். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோலை உள்ளே விட்டு அளந்துவிடலாம். கோலில் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள விளிம்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வானிலைத் துறை நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மழையை அளக்கிறது. விவசாயியும் அதே நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வரலாம். ஐந்து வருஷத்து நோட்டு ஒன்று கையில் இருந்தால், விதைப்பு நாளைப் பற்றி டீக்கடையில் யாரோடும் வாதம் செய்ய வேண்டியதில்லை. புரட்டிக் காட்டினால் போதும்.

தனியாகத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. களை எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்து, பயிரின் அடியிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள். எந்த மூலையில் பூச்சி கிளம்புகிறது, எந்தப் பாத்தியில் பயிர் வெளுக்கிறது என்பது நிலத்துக்காரரைவிட அவர்களுக்கு முன்னதாகத் தெரியும். கூலி கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

பிள்ளைகளையும் கூட்டிச் செல்ல வேண்டும். தகப்பன் வாயிலிருந்து கடன், உர விலை, நெல் விலை என்பதைத் தவிர வேறு எதையும் கேட்காமல் வளரும் பிள்ளைக்கு வயல் என்றாலே கடன் என்றுதான் படும். அந்தப் பிள்ளை வயலை விட்டு ஓடினால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. கரிச்சானின் கூட்டையும், சிலந்தி வலையில் நிற்கும் பனித்துளியையும், முதல் கதிர் வெளிவரும் நாளையும் பார்த்து வளர்ந்த பிள்ளை பின்னாளில் வேறு வேலைக்குப் போனாலும், நிலத்தை விற்பதற்கு முன் ஒரு தடவையாவது யோசிக்கும்.

காலை நடையினால் நெல் விலை ஏறாது. கடன் தானாகக் கரையாது. ஆற்றில் தண்ணீர் வராது. அவற்றுக்கு வேறு இடங்களில் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேவையில்லாமல் அடிக்கும் ஒரு மருந்து மிச்சமானால் அது விவசாயியின் மடியிலேயே நிற்கும் பணம். அதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

நாளைக் காலை மண்வெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். கையில் ஒரு குச்சி மட்டும் போதும். அதுவும் வரப்பில் கிடக்கும் பாம்புக்குச் சத்தம் கொடுக்கத்தான். ஒரு வேலையும் செய்யாமல் வயலை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். அன்று செய்ய வேண்டிய வேலை எது, செய்ய வேண்டாத வேலை எது என்பதைப் பயிரே சொல்லிவிடும்.