அரண்மனையின் மறுபாதி

ஏழு மாடி இருந்ததாகச் சொல்லப்படும் பராக்கிரமபாகு மன்னனின் பொலன்னறுவை அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பவை தடித்த செங்கற் சுவர்களும் உத்தரங்களைச் செருகிய குழிகளும்தான். அவற்றை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புவோர் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள் என்பேன். அந்த 12ஆம் நூற்றாண்டுத் தலைநகருக்குச் சோறு போட்டது பராக்கிரம சமுத்திரம் என்னும் பெருங்குளம்; அதற்கு நீர் தந்தது அம்பன் கங்கை; அந்தக் கங்கையில் கலப்பது, நக்கிள்ஸ் மலையில் பிறந்து லக்கல வழியே இறங்கும் களு கங்கை. ஆக, லக்கலக் காடும் அரண்மனையின் அத்திவாரமே. யுனெஸ்கோ பொலன்னறுவையை 1982இலும் நக்கிள்ஸை 2010இலும் தனித்தனியே பட்டியலிட்டது. நம் சுற்றுலாவும் வரலாறு வேறு, இயற்கை வேறு என்றே பிரித்துவைத்திருக்கிறது. சுற்றுலாக் கூட்டத்தை மலைக்கும் திருப்பினால் காடு குப்பைமேடாகும் என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் எல்லோரையும் மலையேற்றச் சொல்லவில்லை. களு கங்கை நீர்த்தேக்கக் கரையில் நின்று, பழைய லக்கல பல்லேகம நகரை விழுங்கிய நீரையும் அதைத் தரும் மலையையும் பார்த்தாலே போதும். நீர் வரும் வழி தெரியாதவருக்குக் காடழிப்பு யார் வீட்டுக் கவலையோதான். தெரிந்தவர் அரண்மனையைக் காப்பதுபோலவே காட்டையும் காக்கச் சொல்லிக் கேட்பார்.