ரெட் புல்லா, மான்ஸ்டரா... எதுல காஃபின் அதிகம்?

எனர்ஜி டிரிங்க் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது ரெட் புல், மான்ஸ்டர். இதில் எது ‘ஸ்ட்ராங்’?

ரெட் புல் 1987-ல் ஆஸ்திரியாவில் அறிமுகமானது. மான்ஸ்டர் 2002-ல் அமெரிக்காவில் வந்தது. அமெரிக்காவில் விற்கும் வழக்கமான கேன்களையே எடுத்துக்கொள்வோம். சுமார் 250 மி.லி. ரெட் புல்லில் காஃபின் 80 மில்லிகிராம், சர்க்கரை 27 கிராம். 473 மி.லி. மான்ஸ்டரில் காஃபின் 160 மில்லிகிராம், சர்க்கரை 54 கிராம்.

அப்போ மான்ஸ்டர் டபுள் ஸ்ட்ராங்கா? இல்லை. 100 மி.லி.க்குக் கணக்குப் போட்டால் இரண்டிலுமே காஃபின் 32 முதல் 34 மில்லிகிராம்தான். மாறுவது கேன் சைஸ் மட்டுமே.

சிக்கலும் அங்கேதான். திறந்த கேனை யாரும் பாதியில் மூடி வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாள் சர்க்கரை வரம்பு சுமார் 50 கிராம். பெரிய கேன் ஒன்றிலேயே அது தாண்டிவிடும். காஃபினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். இது ஆரோக்கியமான பெரியவர்களுக்கு. மூன்றாவது பெரிய கேனில் அதுவும் காலி!

இந்தியாவில் இத்தகைய பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருக்கக் கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் லேபிளில் கட்டாயம். வாங்கும்போது கேனைத் திருப்பி, எத்தனை மி.லி. என்பதையும் பாருங்க.