மடி பெல்ட் ஆகாது

குழந்தைக்குப் பாட்டி மடியைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஓடுகிற காருக்குள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மடி என்பது குழந்தையை வைக்கவே கூடாத இடம். இப்படிச் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இன்றைக்கு அதைத்தான் எழுதப் போகிறேன்.

அம்பத்தூர் ஓ.டி.க்கும் ஆவடிக்கும் நடுவே சி.டி.எச். ரோட்டில் ஒரு முகூர்த்த நாள் காலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திருவேற்காடு கோயிலுக்கும் பூந்தமல்லிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கும் போகிற கார்கள் வரிசையாக வரும். ஓட்டுகிற மகன் பெல்ட் போட்டிருப்பார், கேமராவுக்குப் பயம். பக்கத்தில் தாத்தா. அவர் மடியில் பேரன் நின்றுகொண்டு கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பான். பின்சீட்டில் பாட்டி மடியில் கைக்குழந்தை தூங்கும். வண்டியில் இருக்கிறவர்களிலேயே எதையும் தாங்க முடியாத இரண்டு பேருக்குத்தான் எந்தப் பிடிமானமும் இல்லை.

"நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேனே" என்று பாட்டி சொல்வார். கெட்டி என்பது எவ்வளவு கெட்டி? ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதன் மேலாவது மோதுகிறது. முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் அவரவர் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு விசை முன்னால் தள்ளும். குழந்தை பத்து கிலோ என்றால் இருநூறு கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எட்டு. எட்டு மூட்டையையும் ஒரே நொடியில் கையால் தடுத்து நிறுத்த நம்மில் யாரால் முடியும்? குழந்தைக்கு அந்த மோதல், சுமார் 32 அடி உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் குழந்தை தவழ்ந்து போனாலே நமக்கு உயிர் போய் உயிர் வருகிறது. காரில் அதே உயரத்தில்தான் அதை உட்கார வைத்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். அவர் எடை அறுபது கிலோ என்றால், அதுவும் இருபது மடங்காகிக் குழந்தையின் முதுகில் வந்து இறங்கும். முன்சீட்டில் தாத்தா மடியில் இருக்கிற குழந்தைக்கு வேறொரு ஆபத்து, ஏர்பேக். கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவான நேரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது வெடித்து விரியும். பெரியவர் நெஞ்சைக் காப்பாற்றுவதற்காக அமைத்த பை அது. நடுவில் குழந்தையின் தலை இருந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம். காரில் வெயில் மறைப்புப் பலகையைத் திருப்பிப் பாருங்கள். குழந்தை படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட எச்சரிக்கை அங்கேயே ஒட்டியிருக்கும்.

மடிதான் பத்திரம் என்று நம்பியவர்கள் நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். காரில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்ற சட்டத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தார். 1978 ஜனவரியில் அந்தச் சட்டம் அங்கே அமலுக்கு வந்தது. அந்த நாட்டில் அதுதான் முதல் சட்டம். ஆனால் சட்டசபையில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தால் இருக்கை வேண்டாம் என்பது அந்த விதிவிலக்கு. நம்ம ஊர் நியாயமேதான். சாண்டர்ஸ் விடவில்லை. குழந்தையை நசுக்குகிற திருத்தம் என்றே அதற்குப் பெயர் வைத்துப் போராடி, 1981ல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது. அவர் கடைசிவரை எதிர்த்தது தாய் மடியைத்தான். அதற்காக அவருக்குத் தாய்ப்பாசம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

இதே விஷயம் எங்கள் குடும்பத்துக்குள்ளும் ஒருமுறை வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் உறவில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். தம்பி முறை ஆகிறவரின் மகள் இரண்டு வயதுப் பையனோடு விடுமுறைக்கு வந்தாள். மீனம்பாக்கத்தில் கால் டாக்ஸியில் ஏறும்போது, விமானத்தில் கொண்டுவந்திருந்த குழந்தை இருக்கையை எடுத்துப் பின்சீட்டில் பொருத்தத் தொடங்கினாள். டிரைவருக்கு அவசரம். என் மனைவி கையை நீட்டினாள்.

"ஏன்டிம்மா, என் மடியில வெச்சுக்க மாட்டேனா? அம்பத்தூர் என்ன அவ்வளவு தூரமா?"

"வீட்டுக்குப் போனதும் நாள் பூரா வெச்சுக்கோங்க பெரியம்மா. வண்டியில மட்டும் அவன் அவன் சீட்லதான்."

சொல்லிக்கொண்டே வாரை இழுத்து மாட்டினாள். பையன் இரண்டு நிமிஷம் சிணுங்கினான். பாடி மேம்பாலம் வருவதற்குள் தூங்கிப்போனான்.

பிரான்சில் 1973ல் நெடுஞ்சாலைகளில் முன்சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கினார்கள். 1992 முதல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை இல்லாமல் காரை எடுக்கக் கூடாது. மீறினால் இன்றைக்கு 135 யூரோ அபராதம். அந்தப் பெண்ணுக்கு அபராதம் ஞாபகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. செருப்பு போட்டுக்கொண்டு வெளியே கிளம்புவதைப் போல அவளுக்கு அது ஒரு பழக்கம்.

பிரெஞ்சில் 'அத்தாஷ்மான்' என்றொரு சொல் உண்டு. கட்டுதல் என்றும் பொருள், பிரியம் என்றும் பொருள். பள்ளிக்கூடத்தில் படித்தபோதே எனக்குப் பிடித்துப்போன சொல். நம் மொழியிலும் இதற்குச் சரியான ஜோடி இருக்கிறது: பாசம். அன்பைச் சொல்கிற அதே சொல்தான் கயிற்றையும் சொல்கிறது. பிறந்த குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டுகிறோம். கைக்குக் காப்பு போடுகிறோம். விழாமல் இருக்கத் தூளியை உத்தரத்தில் இறுக்கிக் கட்டுகிறோம். கட்டிக் காப்பது நமக்குப் புதிதே இல்லை. காரில் ஏறியதும்தான், கட்டினால் குழந்தைக்குக் கஷ்டம் என்று தோன்றிவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாணைகளோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் வாசகத்தைப் படிக்காமல் பேச மாட்டேன். 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் 194பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிக்கொண்டு ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்டுகிறவருக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்றும் எழுதியிருக்கிறது. "எடுப்பா வண்டியை, நேரமாச்சு" என்று சொல்லுகிற நாமும் மனசாட்சிப்படி அந்த வரியில் வந்துவிடுகிறோம்.

சட்டத்தில் பெல்ட் 'அல்லது' குழந்தை இருக்கை என்று இருப்பதால், மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் பெல்ட்டையே மாட்டலாமா என்று கேட்கலாம். அந்தப் பெல்ட் நம் தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்தது. சின்னக் குழந்தைக்கு அது கழுத்திலும் வயிற்றிலும் போய் உட்காரும். ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரம் வரும்வரை அந்தந்த வயதுக்குரிய இருக்கை வேண்டும். கைக்குழந்தை என்றால் பின்சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்துகிற இருக்கை. நான்கைந்து வயதில் முன்பக்கம் பார்க்கிற இருக்கை. அதற்கும் மேல், பெல்ட் சரியாகத் தோளில் விழுவதற்காக உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் போதும். சரியாகப் பொருத்திய இருக்கை குழந்தைகளின் சாவை 60 சதவீதம் வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் 9,528 பேர் இறந்திருக்கிறார்கள். நாளைக்கு இருபத்தாறு. காரில் போனவர்கள், இரு சக்கர வண்டியில் போனவர்கள், நடந்து போனவர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் இருபத்தாறு வீடுகள், ஒவ்வொரு நாளும்.

2012 ஜூலையில் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்துபோனது நினைவிருக்கும். சென்னை முழுக்கக் கொதித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உதவியாளர், அவசர வழி எல்லாம் கட்டாயமாயின. நியாயமான கோபம், நல்ல விதிகள். ஆனால் பள்ளிப் பேருந்திடம் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிற நாம், அதே குழந்தையை ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் எப்படிக் கூட்டிப் போகிறோம்?

கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம் பகுதியில் ஸ்கூட்டர்தான் முக்கால்வாசிக் குடும்பங்களின் வாகனம். குழந்தை முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும். சில சமயம் நின்றபடியே தூங்கி வழியும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு இதற்கும் விதி வெளியிட்டது. ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை, குழந்தைக்குச் சட்டை போல ஒரு கவசம் மாட்டி, அதன் வாரை ஓட்டுகிறவரின் தோளில் இணைக்க வேண்டும். தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆட்டோவில் பெல்ட் இல்லை. குறைந்தபட்சம் திறந்த பக்கத்தில் உட்கார வைக்காமல் இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் வைக்கலாம்.

இனி நாம் வழக்கமாகச் சொல்கிற சமாதானங்கள்.

"நாமெல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம்." வளர்ந்தோம், உண்மை. ஆனால் நாம் வளர்ந்தது மாட்டு வண்டியிலும் டவுன் பஸ்ஸிலும். நெமிலிச்சேரியிலும் நசரத்பேட்டையிலும் இன்றைக்கு வெளிவட்டச் சாலையில் ஆறு வழியில் பறக்கிற வேகத்தை நம் அப்பா பார்த்திருந்தால் நம்மை வீட்டை விட்டே அனுப்பியிருக்க மாட்டார்.

"பக்கத்திலேதானே போகிறோம்." சி.டி.எச். ரோட்டில் குறுக்கே வருகிற மாடு, நீங்கள் திருவேற்காட்டுக்குப் போகிறீர்களா திருப்பதிக்குப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டு வருவதில்லை.

"அழுகிறதே." அழும். தடுப்பூசி போடும்போதும்தான் அழுதது. டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லி எழுந்தா வந்தோம்? முதல் நாளிலிருந்தே பழக்கினால் நாலு பயணத்தில் அடங்கிவிடும். நடுவில் ஒருமுறை இரக்கப்பட்டு மடிக்கு எடுத்தால், அழுதால் எடுப்பார்கள் என்று கற்றுக்கொள்ளும்.

"விலை அதிகம்." சில ஆயிரம் ரூபாய் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் காதுகுத்துக்குக் கம்மல், முதல் பிறந்த நாளுக்குச் சங்கிலி என்று பேரக் குழந்தைக்கு நாம் வாங்குவதற்குக் கணக்கு வைத்திருக்கிறோமா? வெள்ளி அரைஞாணை ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் ஓர் இருக்கை வாங்கலாம். தாத்தா பாட்டி சீர் என்று அதையே கொடுக்கலாம். உறவுக்காரர் யாராவது தங்கள் குழந்தை வளர்ந்துவிட்டதென்று தந்தால், விபத்தில் அடிபடாததுதானா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளில் பலருக்கு இதெல்லாம் தெரியும். சிலர் இருக்கை வாங்கியும் வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மனம் கோணுமே என்று டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். குழந்தை சிணுங்கியதும், "எடுத்துக் கொடும்மா இப்படி" என்று நாம் கை நீட்டினால் மருமகளால் எப்படி மறுக்க முடியும்? வீட்டில் நம் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது. அதை இந்தப் பக்கம் செலவு செய்வோம். அடுத்த முறை காரில் ஏறும்போது கையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, "முதல்ல குழந்தையைக் கட்டு, அப்புறம் வண்டியை எடு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உங்கள் பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.