கை குலுக்கினீங்களே, ஐயா

உங்களுக்குக் கை கொடுப்பதற்கு முன்னால் எங்கப்பா உள்ளங்கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் தறியில் காய்த்துப்போன கை. துடைத்தது டிவியில் வரவில்லை. கை குலுக்கியது மட்டும் இசையோடு வந்தது.

எங்கள் ஊர் வந்தவாசி என்றால் பாய் என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டு. நாங்கள் நெய்கிற ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நெய்கிறவனுக்கு வெறும் கூலிதான். முதலாளியிடம் பாவும் சரிகையும் வாங்கி நெய்துகொண்டிருந்த 12 குடும்பம் சேர்ந்து, சேலையை நாமே விற்போம் என்றுதான், முதலீடு கேட்டு டிவியில் நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த மேடை ஏறினோம். 10 சதவீதப் பங்குக்கு 30 லட்சம் கேட்டோம். அதே பணத்துக்கு நீங்கள் 40 சதவீதம் கேட்டீர்கள். மூன்று கோடி என்று நாங்கள் மதித்த தொழில் ஒரே பேச்சில் 75 லட்சமாகிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் பதில் வேண்டும் என்றீர்கள்!

ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம், ஒளிபரப்பில் ஒன்பது நிமிஷம். ஒரு சேலைக்கு 15 நாள் உட்கார்ந்தால் என்ன மிஞ்சும் என்று அப்பா சொன்ன கணக்கு அதில் இல்லை. அவர் திணறியது இருந்தது. முந்தியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, "இதெல்லாம் பெரிசா வளராது" என்று நீங்கள் சொன்னதும் இருந்தது. கடைசியில் 30 சதவீதத்துக்குச் சம்மதித்தோம்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'ஷார்க் டேங்க் இந்தியா'வில் ஒரு பெண் தான் வடிவமைத்த உடைகளோடு வந்து நின்றபோது, தன் வீட்டில் யாரும் இதை உடுத்தமாட்டார்கள் என்று முதலீட்டாளர் அஷ்னீர் குரோவர் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அதைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. அமெரிக்க 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சியில் மேடை ஏறினாலே 5 சதவீதப் பங்கோ 2 சதவீத ராயல்டியோ தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே முதலீட்டாளராக இருந்த மார்க் கியூபனே எதிர்த்து நின்ற பிறகு, 2013-ல்தான் அதை எடுத்தார்கள். எங்களுக்காக அப்படிக் கேட்க உங்கள் மேடையின் நாற்காலிகளில் ஒருவர்கூட இல்லையே!

கணக்கு வழக்கைச் சரிபார்த்த பிறகுதான் பணம் என்றார்கள் உங்கள் ஆட்கள். பாருங்கள், அது நியாயம்தான். ஏழு மாதம், மாதத்துக்கொரு புதுப் பேப்பர் கேட்டார்கள். எல்லாம் கொடுத்தோம். கடைசியில் இரண்டு வரியில் ஒரு மெயில், இப்போதைக்கு முடியாது என்று. காரணம் சொல்லவில்லை. அந்த வீடியோ மட்டும் இன்றைக்கும் விளம்பரத்தோடு ஓடுகிறது.

ஊரே பார்த்த கைகுலுக்கல், ஐயா. அதை நம்பித்தான் நூல்காரர் கடன் கொடுத்தார். நேற்று மறுபடியும் வந்திருந்தார். அவர் குரல் கேட்டதும் அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.