வெள்ளைபடுதலும் வீண்பழியும்



பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாரோடு பேசும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. வாந்தி, கால் வீக்கம், இரத்தக்குறைவு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். வெள்ளைபடுதலை மட்டும் எழுந்து போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சிலர் சொல்வதேயில்லை.

கர்ப்ப காலத்தில் வெள்ளை சற்று அதிகமாகப் படுவது இயல்பு. ஆனால் மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து, கெட்ட வாடை, அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிவு ஆகியவையும் சேர்ந்தால், அது ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். உடலுறவால் பரவும் இந்தக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. 2020இல் உலகில் 15 கோடிக்கும் அதிகமானோருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. இது தொற்றிய தாய்மாருக்குப் பன்னீர்க்குடம் முந்தி உடைவதும், குறைமாதப் பிரசவமும், பிள்ளை நிறை குறைந்து பிறப்பதும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன.

"கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்களே" என்று கேட்பீர்கள். அதில் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் சோதிக்கப்படுகின்றன. அவை தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. ஆனால் இந்த ஒட்டுண்ணி அந்தச் சோதனையில் தெரியாது. வெள்ளையைச் சிறிது எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

பலர் அஞ்சுவது நோய்க்கல்ல, "யாரிடமிருந்து வந்தது?" என்று வீட்டில் எழும் கேள்விக்குத்தான். ஆண்களில் பெரும்பாலோருக்கும் பெண்களில் பலருக்கும் அறிகுறியே இருக்காது. மாதக்கணக்கில், சிலவேளை அதைவிட நீண்ட காலமும் உடலில் மறைந்திருக்கும். இன்று கண்டுபிடித்ததால் நேற்று வந்ததென்று அர்த்தமில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சோதனை சொல்லாது. அதைக் காட்டி ஒரு பெண்ணை அடிப்பதும் பழிப்பதும் அநியாயம்.

யுத்த காலத்தில் உடலுக்கு நேர்ந்த கொடுமையால் பரிசோதனைக்கே நடுங்கும் சகோதரிகள், பெண் வைத்தியர் வேண்டுமென்றும், துணைக்கு ஒருவர் அருகில் இருக்கட்டுமென்றும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் கொடுப்பார். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். கணவரும் அதே காலத்தில் மருந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் தொற்றும். இருவருக்கும் சுகமாகும்வரை உறவைத் தவிருங்கள். மருந்து முடியும்வரை அவர் மதுவைத் தொடக்கூடாது.

குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். பதுளை ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை இலவசம், உங்கள் விபரம் வெளியே போகாது. மாதம் நிறையுமுன் தண்ணீர் கசிந்தாலோ வயிறு இறுகி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.