விதையுள்ள வாழைக்கும் மதிப்பு கொடுங்கள்

திருமண மண்டப வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை மரங்களைக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பெரியவர்கள் மணமக்களை ‘வாழையடி வாழையாக’ வாழ வாழ்த்துவார்கள். நல்ல வாழ்த்துதான். ஆனால் அறிவியல் படிக்கும் உங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வர வேண்டும். வாழைக்கன்று தாய் மரத்தின் நகல். மணமக்களுக்குப் பிறக்கும் குழந்தை யாருக்கும் நகலாக இருக்காது.

முதலாம் படிவ அறிவியலில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் வருகிறது. அமீபா இரண்டாகப் பிரியும், ஹைட்ரா அரும்பு விடும், வாழை நிலத்தடித் தண்டிலிருந்து கன்று விடும். பாலிலா இனப்பெருக்கத்துக்குத் துணை தேவையில்லை, வேகமும் அதிகம். இதை மனப்பாடம் செய்யும் பலர், அதுவே சிறந்த முறை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பால்முறை இனப்பெருக்கத்தின் கீழே ‘வேறுபாடுகள் உண்டாகும்’ என்ற ஒரு வரி இருக்கும். நாம் நின்று யோசிக்க வேண்டிய வரி அதுதான் என்பேன்.

கடைகளில் அதிகம் விற்கும் கேவண்டிஷ் வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று தொகுதிக் குரோமோசோம்கள், மொத்தம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் பாலணுக்கள் ஒழுங்காக உருவாவதில்லை, விதையும் இல்லை. சாப்பிட வசதி. ஆனால் கன்று வைத்தும் திசு வளர்ப்பு முறையிலுமே பெருக்க வேண்டும். ஆயிரம் ஏக்கரில் நட்டாலும் மரபணு அளவில் அது ஏறக்குறைய ஒரே மரம்தான்.

இதன் விலையை உலகம் ஒருமுறை கொடுத்துவிட்டது. கேவண்டிஷுக்கு முன் ஏற்றுமதியில் கோலோச்சியது குரோ மிஷெல். நம் நாட்டில் அதற்குப் பெயர் பிசாங் எம்புன். மண்ணில் வாழும் ஃபுசேரியம் பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்தது. பனாமா நோய் என்ற இது ஒரு மரத்தை வீழ்த்தியபோது மற்ற மரங்களிடமும் வேறு விடை இல்லை. 1960களில் பெருந்தோட்டங்கள் கேவண்டிஷுக்கு மாறின. பிறகு டி.ஆர்.4 என்ற புதிய வகைப் பூஞ்சை கேவண்டிஷையே தாக்கத் தொடங்கியது. 1990களில் மலேசியத் தோட்டங்கள் அடிபட்டன. 2019இல் அது கொலம்பியாவிலும் உறுதியானது. பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

(வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூஞ்சையும் பாலிலா முறையில்தான் பெருகுகிறது. எதிரி ஒரே மாதிரி நிற்கும்போது அது மாற வேண்டிய அவசியம் என்ன?)

உதவி எங்கிருந்து வந்தது தெரியுமா? யாரும் விரும்பிச் சாப்பிடாத, கருப்பு விதைகள் நிறைந்த காட்டு வாழையிடமிருந்து. அதன் அறிவியல் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது: மூசா அக்குமினாட்டா மலாக்கென்சிஸ். அதன் விதைகளிலிருந்து முளைத்த செடிகளில் சில நோய்க்கு வீழ்ந்தன, சில தாங்கி நின்றன. தாங்கிய செடியின் ஒரு மரபணுவைக் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேவண்டிஷில் சேர்த்தார்கள். அந்த வாழைக்கு 2024இல் ஆஸ்திரேலியா அனுமதி வழங்கியது. எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி இருந்திருந்தால், தேடி எடுக்க அங்கே எதுவுமே இருந்திருக்காது.

மரபணு மாற்றிய பழத்தைச் சாப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள்; அந்த விவாதம் நடக்கட்டும். என் கவலை வேறு. ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டோம், இனி காட்டு வாழை எதற்கு என்று நினைத்துவிடக்கூடாது. அடுத்த பூஞ்சைக்கு வேறு மரபணு தேவைப்படலாம். அது உருவாக மகரந்தம் மரம் விட்டு மரம் போக வேண்டும். இங்கே அந்த வேலையைச் செய்வது தேன் குடிக்கும் வௌவால்கள். முருகனைக் கும்பிட நாம் படியேறும் பத்துமலையின் குகைகளில் அவை வாழ்கின்றன. டுரியான், பெத்தாய் பூக்களுக்கும் அவையே துணை. விதைகளைக் குளிர்பெட்டியில் சேமிப்பது நல்லதுதான், ஆனால் பெட்டிக்குள் புதிய சேர்க்கை நடக்காது. அதனால் காட்டோரத்தை வெட்டித் திருத்தும்போது காட்டு வாழையைக் களைக் கணக்கில் சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன். நீங்கள் குடும்பத்தோடு மலைப்பக்கம் போகும்போது அந்தப் பழம் கண்ணில் பட்டால், ஒன்றைப் பிளந்து விதைகளைப் பாருங்கள். அவற்றில் ஒவ்வொன்றும் வேறு செடி.