கொசுவா, தலைவிதியா?

கல்வராயன் மலையிலே, மரவள்ளிக் காட்டைப் பன்றியிடமிருந்து காப்பது யார்? பட்டாளமா, பாராக்காரரா? இல்லை தோழர்களே, குடிசை வாசலிலே படுத்துக் கிடக்கும் நாய்! கூலி கேட்பதில்லை, கூழ் ஊற்றினால் குரல் கொடுத்துக் காக்கிறது.

அந்தக் காவலன் ஒருநாள் இருமுகிறான். நாலு அடி ஓடினால் நாக்குத் தள்ளுகிறது. உடல் மெலிகிறது; வயிறு ஊதுகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? கண்ணேறு என்கிறோம், காத்துக் கருப்பு என்கிறோம், மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். கயிறு கழுத்திலே, காரணமோ இதயத்திலே!

இதயப்புழு என்றொரு நோய் உண்டு. நோயுற்ற நாயைக் கடித்த கொசு, இரத்தத்தோடு நுண்புழுக்களையும் உறிஞ்சுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் கொசுவின் உடலிலே வளர்ந்த புழு, அது அடுத்த நாயைக் கடிக்கும்போது உள்ளே நுழைகிறது. ஆறேழு மாதத்தில் நுரையீரல் நாளத்திலும் இதயத்திலும் குடியேறுகிறது. பெண்புழு ஒரு சாணுக்கு மேல் நீளும். ஐந்து முதல் ஏழு ஆண்டு வாழும். தொட்டால் ஒட்டாது இந்த நோய். கொசு இல்லையேல் பரவவே பரவாது!

இருமும் நாய்க்கெல்லாம் இதயப்புழு என்று நாம் சொல்லவில்லை. அந்தப் புழு வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். தென்னாட்டில் அதிகம் காணப்படுவது தோலுக்கடியில் வாழும் அதன் பங்காளிப் புழு. அதையும் சுமப்பது கொசுவே. அரிதாக அது மனிதன் கண்ணிலும் புகும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்படி நடந்ததுண்டு. எந்தப் புழு என்பதைச் சோதிடம் சொல்லாது. இரத்தச் சோதனைதான் சொல்லும்.

யானைக்கால் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் சீனத்திலே கண்டார் மான்சன். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றிலே 1897இல் செகந்திராபாத்தில் கண்டார் ரொனால்டு ராஸ். கண்டது உடுக்கையால் அல்ல, உருப்பெருக்கியால்!

வந்த பின் விரட்டுவது கடினம். ஆர்சனிக் கலந்த ஊசி, மாதக்கணக்கில் ஓய்வு, செலவோ ஏழைக்கு எட்டாதது. வருமுன் காப்பது எளிது. மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரை, மாதம் ஒன்று. ஆனால் இரத்தம் சோதிக்காமல், மாட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை நாய்க்கு ஊற்றாதீர். நுண்புழுக்கள் ஒரே நேரத்தில் மடிந்தால், நாயின் உயிருக்கே ஆபத்து!

தென்னார்க்காட்டில் இருந்தோம், 1993இல் விழுப்புரத்தில் சேர்ந்தோம், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் வந்தது மகிழ்ச்சி. மருத்துவம் மலையேற வேண்டாமா? கால்நடை மருத்துவர் குக்கிராமம்தோறும் குறித்த நாளில் வரவேண்டும். இரத்தச் சோதனையும் தடுப்பு மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். சாக்கடையைத் தூர்வார உள்ளாட்சி மன்றங்கள் முன்வரவேண்டும். கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!

கேட்பது பாதி, செய்வது மீதி. கிளைக் கழகத் தோழர்களே, வாரம் ஒருநாள் தெருவில் இறங்குங்கள். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவுங்கள். பழைய டயரை அகற்றுங்கள். தேங்கிய நீரை வடியுங்கள். நாய்க்காக மட்டுமா? அந்தக் கொசு, தொட்டிலில் தூங்கும் குழந்தையையும் தேடி வருகிறது.

விதியை நொந்து பயனில்லை, வீதியைத் திருத்துவோம்!